கான்ட்ராவில் ஆள் மின்னி மறைஞ்சது உங்க செட்டோட தப்பில்லை!

சட்டை போடாத இரண்டு பேர் துப்பாக்கியோடு காட்டுக்குள் ஓடுவார்கள். எதிரிகள் நாலா பக்கமும் சூழ்ந்ததும், திரையில் ஆட்களும் குண்டுகளும் விட்டு விட்டு மின்ன ஆரம்பிக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குண்டில் உயிர் போயிடும். “டூப்ளிகேட் செட்டுடா, அதான்!” என்று அதன் தலையில் ஒரு தட்டு தட்டியிருப்பீங்க.

தொண்ணூறுகளில் வளர்ந்தவரா நீங்க? அப்போ மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று ஏதோ ஒரு பெயரில் அந்த டிவி கேம் உங்க வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ இருந்திருக்கும். பேரிகை, பாகலூர், ஓசூர் பக்கம் என்றால் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் இருந்து யாராவது வாங்கி வந்ததாக இருக்கலாம். கேசட்டில் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் பத்திருபது கேம்தான் திரும்பத் திரும்ப வரும். செட்டும் நகல், கேசட்டும் நகல். ஆனால் அந்த மின்னல் மட்டும் அசல்!

நம்ம செட்டுகள் காப்பியடித்தது 1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் மெஷினை. மசாயுகி உயேமுரா வடிவமைத்தது. அதன் வேலை நினைவகம் வெறும் 2 கேபி. இந்தக் கட்டுரையை அதில் ஏற்றினால், இரண்டு மூன்று பத்தியிலேயே நிரம்பிடும். திரையில் நகரும் எல்லாமே ‘ஸ்ப்ரைட்’ எனும் குட்டிக் குட்டித் துண்டுகளால் ஆனவை. ஒரே நேரத்தில் 64 துண்டுகள்தான் காட்ட முடியும். அதைவிடக் கொடுமை, கிடைமட்டமாக ஒரே கோட்டில் 8 துண்டுக்கு மேல் வந்தால் ஒன்பதாவது தெரியவே தெரியாது. ஒரு ஆளை வரையவே பல துண்டு வேணும். நாலு பேர் வரிசையா நின்னா கதை முடிஞ்சுது.

கேம் எழுதினவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? யாரை விட்டுவிடுவது என்பதை ஒவ்வொரு படத்துக்கும் மாற்றிக்கொண்டே இருந்தாங்க. இந்த நொடித்துளியில் இவன் இல்லை, அடுத்ததில் அவன் இல்லை. ஒருத்தன் மொத்தமாகக் காணாமல் போவதற்குப் பதில் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் மின்னுவார்கள். நீங்க பார்த்தது அதைத்தான். எதிரிகள் குவிந்ததும் எல்லாம் ஸ்லோமோஷனில் நகருமே, அதுவும் பிராசஸர் கணக்குப் போட்டு முடிக்காமல் திணறியதால்தான்.

1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கேபி. இன்று வாட்ஸ்அப்பில் வருகிற ‘குட் மார்னிங்’ படம் ஒன்று அதைவிடப் பெரியது. இடத்தை மிச்சம் பிடிக்க, மேலே மிதக்கிற மேகத்தையும் கீழே இருக்கிற புதரையும் ஒரே படத்தில் முடிச்சிருக்காங்க. வெள்ளை அடிச்சா மேகம், பச்சை அடிச்சா புதர். அடுத்த முறை கவனிச்சுப் பாருங்க. மெகா மேன் 2-ல் ராட்சத டிராகன் வரும்போது பின்னணி கறுப்பாகிவிடும். பயமுறுத்தவா? இல்லை. அவ்வளவு பெரிய உருவத்துக்கு ஸ்ப்ரைட் போதாது என்பதால், பின்னணியையே டிராகனாக வரைந்துவிட்டார்கள்!

மெஷினை மாற்ற முடியாது. கேசட்டை மாற்றலாமே என்பது அடுத்த தந்திரம். 1988-ல் வந்த மரியோ 3-ன் கேசட்டுக்குள் தனியாக ஒரு சிப் இருந்தது. மேலே உலகம் ஓடினாலும், கீழே ஸ்கோர் பட்டை ஆடாமல் நிற்க அதுதான் காரணம். ஆனாலும் திரையின் வலது ஓரத்தில் நிறங்கள் லேசாகக் குழம்பும். அதுவும் உங்க டிவியின் கோளாறு இல்லை.

என்னைக் கேட்டால் இதில் உச்சம், 1993-ல் வந்த கிர்பிஸ் அட்வென்ச்சர்தான். பத்து வயதான மெஷினில் 768 கேபி கேம். கிர்பி நடக்க நடக்க ஒரு கோபுரமே சுழல்வது போலத் தெரியும். அதற்குள் நின்டெண்டோவின் அடுத்த மெஷினே கடைக்கு வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சரி, நம்ம செட் மேல் தப்பே இல்லையா? இருக்கு. பல நகல் செட்களில் ஒலியை உருவாக்கும் பகுதியில் சின்னக் குளறுபடி. அதனால் அதே பாட்டு அசல் மெஷினில் வேற குரலில் கேட்கும். நமக்குப் பழகினது நகலின் குரல்தான்!

பரணில் அந்தப் பெட்டி இன்னும் இருந்தால், தயவுசெஞ்சு கேசட்டை ஊதாதீங்க. எச்சில் ஈரம் பட்டால் செம்பு முனைகள் துருப்பிடிக்கும். ஊதினதும் வேலை செஞ்சதே என்றால், கழற்றி மாட்டினதால்தான் செஞ்சது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைச்சுத் துடைச்சாலே போதும். ஏ.வி. ஓட்டை உள்ள எல்.இ.டி. டிவியில் மரியோ ஓடும். வாத்து சுடுகிற துப்பாக்கி மட்டும் ஓடாது. அதுக்குப் பழைய பெட்டி டிவிதான் வேணும்.