விதையில்லாத் திராட்சையைப் பெருக்கியவர் யார்?

கொடிமுந்திரி என்று நம் முன்னோர் சொன்ன பழத்தை மாட்டுங்காவில் நாற்பது வருடம் விற்றவன் நான். "என்ன நயினார், கணேஷ் பழம் வந்தாச்சா?" என்று மாமிகள் கேட்பார்கள். பெட்டிமேல் 'தாஸ்-ஏ-கணேஷ்' என்று அச்சடித்திருக்கும். அந்தப் பெயரைத் துருவப் போய்க் கிடைத்ததே இக்கட்டுரை.

மூலம் தாம்ஸன் விதையிலி. மேற்காசியாவின் பழைய கிஷ்மிஷ் கொடிதான் அது. 1870களில் கலிபோர்னியாவில் அதைப் பயிரிட்ட வில்லியம் தாம்ஸன் என்ற ஆங்கிலேயரின் பெயர் ஒட்டிக்கொண்டது. தின்ன இனிப்பு, ஆனால் காய் சிறுத்தது. ஏனென்றால், காயைப் பருக்க வைக்கும் வளர்ச்சிப் பொருள் விதையில்தான் ஊறுகிறது. விதை இல்லையென்றால் பருமனும் இல்லை!

கலப்பினம் செய்து பெரிதாக்கலாமே என்பீர்கள். விதையே தராத கொடியைத் தாயாக வைப்பது எப்படி? மகரந்தம் தரும் தந்தையாக மட்டுமே அதை வைக்க முடிந்தது. கருவை எடுத்துக் குடுவையில் வளர்க்கும் முறை 1980களில்தான் கைவந்தது. அந்தச் சிரமத்துக்கு நடுவிலும் டேவிஸ் நகரப் பேராசிரியர் ஹரால்ட் ஓல்மோ 'பெர்லெட்' என்ற முன்பருவ ரகத்தை 1946இல் வெளியிட்டார். பஞ்சாப், ஹரியானாவில் பருவமழைக்கு முன்பே பழுக்கும் கொடி வேண்டியிருந்ததால் அது அங்கே வேரூன்றியது. டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஹூர், பியூட்டி விதையிலி இரண்டையும் கலந்து பூசா ஊர்வசியைக் கண்டதும் இதே தேவைக்காகத்தான்.

மராட்டியத்தில் நடந்தது வேறு. சாங்லி மாவட்டம் தாஸ்காவ் வட்டத்துப் போர்காவில் வசந்தராவ் ஆர்வே தம் தாம்ஸன் தோட்டத்தில் தனித்துத் தெரிந்த கொடியைக் கவனித்துப் பெருக்கினார். அதுவே தாஸ்-ஏ-கணேஷ். (தாஸ்காவ் கணபதி கோயிலுக்கு நம்மூர் பாணியில் ஏழுநிலைக் கோபுரம் உண்டு, போனால் பாருங்கள்.) சோலாப்பூர் அருகே நானஜ் ஊரின் நானாசாகேப் காளே நீளக்காய் 'சோனாகா'வையும் கருப்பு 'சரத் விதையிலி'யையும் தேர்ந்தெடுத்தார். மகரந்தம் தூவவில்லை, ஆய்வுக்கூடம் இல்லை. மொட்டில் தானாக நேரும் திரிபைக் கண்டுபிடிக்கும் கண் இருந்தது, அவ்வளவுதான். கொடித்துண்டுகள் கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் பரவின. உழவர் கண்ட ரகத்துக்கும் உரிமை தந்த சட்டம் 2001இல்தான் வந்தது. இவர்களை வெறும் 'முன்னோடி விவசாயிகள்' என்று எழுதிவிட்டுப் போவது நியாயமில்லை. பயிர்ப்பெருக்க அறிஞர்கள் என்றே எழுதவேண்டும் என்பது அடியேன் துணிபு.

ஆனால் கடையில் நாம் பார்க்கும் பருமன் முழுதும் ரகத்தினுடையது அன்று. ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் குலைகளை முக்குகிறார்கள். நெற்பயிரைக் கிடுகிடுவென நெட்டையாக்கிச் சாய்க்கும் ஒரு பூஞ்சையை ஆராய்ந்தபோது, 1926இல் ஜப்பானியர் குரோசாவா அந்தப் பூஞ்சைச் சாற்றின் சக்தியைக் கண்டார். விதை செய்யவேண்டிய வேலையை இப்போது அந்த அமிலம் செய்கிறது.

முன்பருவமும் அப்படியே. இங்கே ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபரில் காய்க்கான கவாத்து என்பது வழக்கம். நாசிக் மாவட்டம் பாக்லாண் பக்கம் மழைக்காலத்திலேயே கவாத்துப் பண்ணி, டிசம்பருக்குள் அறுத்துவிடுகிறார்கள். அடிச்சாம்பல் நோய்க்கு மருந்தடித்தே கை ஓய்ந்துபோகும். 2019 அக்டோபர், நவம்பரில் காலம் தவறிப் பெய்த மழையில் அந்த முன்பருவத் திராட்சை அழிந்தது.

அந்தப் பழத்துக்கு இரட்டை விலை கொடுத்தது யார்? எங்களைப் போன்ற வியாபாரிகள்தானே! பிப்ரவரிப் பழம் இதைவிட இனிக்கும் என்று தெரிந்தும், டிசம்பர் பெட்டியை முன்வரிசையில் அடுக்கியவன் நான். 1997இல் புனேக்குப் பக்கம் மாஞ்சரியில் தொடங்கிய தேசிய திராட்சை ஆராய்ச்சி மையம் 'மாஞ்சரி நவீன்' என்ற ரகத்தைத் தந்திருக்கிறது. சென்டெனியல் விதையிலியிலிருந்து தேர்ந்தது. தானாகவே முன்கூட்டிப் பழுக்கும், காயும் பெரிது. இதுவும் கலப்பில் வந்ததில்லை, கொடிகளுக்குள் பொறுக்கி எடுத்ததே. ஆர்வேயும் காளேயும் செய்த அதே வேலைதான்.