தட்சிணசித்ரா

தட்சிணசித்ரா என்பது தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில், சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு என்னும் ஊரில் அமைந்துள்ள திறந்தவெளி அருங்காட்சியகம் ஆகும். தென்னிந்தியாவின் பல பகுதிகளில் மக்கள் குடியிருந்த பழைய வீடுகள் கழற்றிக் கொண்டுவரப்பட்டு இங்கு மீண்டும் கட்டப்பட்டுள்ளன. இத்தகைய அருங்காட்சியகங்களுக்கு முன்னோடி, 1891 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் திறக்கப்பட்ட ஸ்கான்சென் ஆகும்.

வரலாறு

அமெரிக்காவில் பிறந்து, திருமணத்தின் பின் சென்னையில் குடியேறியவரான டெபோரா தியாகராஜன், செட்டிநாட்டுப் பகுதியில் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அவற்றின் தூண்களும் கதவுகளும் விற்கப்படுவதைக் கண்டார். வீட்டின் உறுப்புக்கள் தனித்தனியாக விலைபோகும்போது, அவ்வீட்டில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்ற செய்தியும் சேர்ந்தே அழிந்துவிடுகிறது. 1984 இல் இவர் சென்னைக் கைவினை அறக்கட்டளையை நிறுவினார். இவ்வறக்கட்டளையின் முயற்சியால் உருவான தட்சிணசித்ரா, 1996 டிசம்பர் 14 அன்று பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பத்து ஏக்கர் பரப்புள்ள இவ்வளாகத்தின் தொடக்க வடிவமைப்பில் புகழ்பெற்ற கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் பங்கு கொண்டார். பென்னி குரியாகோஸ் அப்பணியைத் தொடர்ந்தார்.

வீடுகளை இடம் மாற்றுதல்

இங்குள்ள வீடுகளிற் பல, உரிமையாளர்கள் இடித்துவிட எண்ணியிருந்த நிலையில் வாங்கப்பட்டவை. இவை பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு முட்டுக்காட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. அந்தந்தப் பகுதியின் தச்சர்களும் கொத்தர்களுமே வந்து அவற்றை மீண்டும் கட்டினர். மரவேலைப்பாடு மிகுந்த வீடுகளுக்கு இம்முறை பெரிதும் பொருந்தும். ஆணியின்றிப் பொருத்திய மரச்சட்டத்தைப் பிரித்தெடுத்துத் திரும்பவும் பூட்டலாம். மண்சுவரை அவ்வாறு கொண்டுவர இயலாது. அதனைப் புதிதாகவே எழுப்பவேண்டும். எனவே இங்கு காணும் எல்லா வீடுகளும் ஒரே பொருளில் "பழையவை" அல்ல என்பதைப் பார்வையாளர்கள் கருத்திற் கொள்வது நல்லது.

வேளாண்மையும் வீடும்

வேளாண் குடும்பங்களின் வாழ்க்கையை அறிய விரும்புவோருக்கு இங்குள்ள சில வீடுகள் சிறப்பாகப் பயன்படும். கேரளத்தின் கோட்டயம் பகுதியைச் சேர்ந்த புதுப்பள்ளியில் 1850 இல் கட்டப்பட்ட சிரியன் கிறித்தவர் வீடு அவற்றுள் ஒன்று. மர வணிகக் குடும்பத்துக்கு உரியதாயிருந்த இம்மர வீட்டில், நெற்களஞ்சியம் ஒதுக்குப்புறமாக இல்லாமல் நுழைவாயிலை அடுத்தே இருக்கிறது. அதன் வெளிச்சுவரிலேயே சிறந்த மரவேலைப்பாடும் உள்ளது. குடும்பத்தினர் களஞ்சியத்துக்கு முன்னுள்ள இடத்தில் கூடி வழிபட்டனர். நெல்லே செல்வமாயிருந்த ஒரு சமூகத்தின் எண்ணத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறு தேவையில்லை எனலாம்.

தமிழ்நாட்டுப் பிரிவில் தஞ்சாவூர்ப் பகுதி வேளாளர் வீடு உண்டு. செட்டிநாட்டு வணிகர் வீடு, பொதுச் சுவர்களைக் கொண்ட அக்கிரகார வீடுகள், காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு, குயவர் வீடு ஆகியனவும் இப்பிரிவிலேயே உள்ளன. ஆந்திரக் கடற்கரையின் வட்ட வடிவ வீடு "சுட்டில்லு" எனப்படும். புயற்காற்றைத் தாங்குவதற்காக அதன் ஓலைக் கூரை நிலத்துக்கு அண்மை வரை தாழ்ந்து இறங்குகிறது.

வாழும் அருங்காட்சியகம்

இவ்வளாகத்தில் மட்பாண்டம் வனைதல், நெசவு, கூடை முடைதல் போன்ற தொழில்கள் பார்வையாளர் முன்னிலையில் செய்துகாட்டப்படுகின்றன. நாட்டார் கலை நிகழ்ச்சிகளும் நடைபெறுவதுண்டு. பள்ளி மாணவர்கள் தாமே மண்ணைப் பிசைந்து பார்க்கவும் வாய்ப்பு அளிக்கப்படுகிறது.

எனினும், தன் ஊரை விட்டு வந்த வீடு சிலவற்றை இழந்தே வருகிறது. வேளாளர் வீட்டின் பொருள் அதன் வயலோடும் வாய்க்காலோடும் களத்துமேட்டோடும் பிணைந்தது. இவற்றை லாரியில் ஏற்றிவர முடியாது. சொந்த ஊரிலேயே வீட்டைப் பேணுவதே சிறந்தது எனப் பாதுகாப்பு வல்லுநர் பலர் கருதுகின்றனர். ஆனால் தட்சிணசித்ராவுக்கு வந்த வீடுகளிற் பலவற்றுக்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை. அவை அங்கேயே விடப்பட்டிருந்தால், மரமாக விற்கப்பட்டிருக்கும்.

அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.