ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியார்

ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியார் (1 பிப்ரவரி 1895 – 25 ஆகஸ்ட் 1970) விடுதலைப் போராட்ட வீரர், சென்னை மாகாணப் பிரதமர், வள்ளலார் நெறியில் நின்ற சன்மார்க்கத் தொண்டர். ஓமந்தூரார் என்றும் ஓ.பி.ஆர். என்றும் அழைக்கப்பட்டவர். 15 ஆகஸ்ட் 1947 அன்று நாடு விடுதலை பெற்றபோது சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் இவரே.

ஓமந்தூர், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் உள்ள சிற்றூர். அன்று தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வட்டாரம் 1993இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய மாவட்டத்துக்குள் வந்தது. ஏரி நிரம்பினால் நெல், இல்லையென்றால் மானாவாரி மல்லாட்டை என்று வாழும் மண் இது. இராமசாமி பிறந்ததும் வேளாண் குடும்பத்தில்தான். திண்டிவனத்தில் ஆர்க்காடு மிஷனின் வால்டர் ஸ்கடர் பள்ளியில் படித்தார். காந்தியடிகளின் அழைப்பால் காங்கிரசுக்கு வந்தவர், மாவட்ட அளவில் கட்சிப் பணியாற்றி, சிறை சென்று, 1938இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவரானார்.

1947 மார்ச்சில் த. பிரகாசத்தின் அமைச்சரவை, சொந்தக் கட்சியினரின் ஆதரவையே இழந்து விலகியது. பதவிக்குப் பலர் முண்டியடித்தபோது, அதைத் தேடிப் போகாத ஓமந்தூரார் காமராசர் தரப்பின் ஆதரவோடு 23 மார்ச் 1947 அன்று பிரதமரானார். மாகாண முதலமைச்சரை அன்று பிரதமர் என்றே அழைத்தனர். 6 ஏப்ரல் 1949 வரை, சரியாக இரண்டு ஆண்டும் இரண்டு வாரமும், அப்பொறுப்பில் இருந்தார்.

இந்தக் குறுகிய காலத்தில் நிறைவேறிய சட்டங்களில் இரண்டு, கோயிலோடு தொடர்புடையவை. ஒன்று, 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேச அனுமதிச் சட்டம். மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவுக்குப் பின் 1939இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த சட்டம், கோயிலைத் திறந்துவிட விரும்பும் அறங்காவலர்களுக்குப் பாதுகாப்பு அளித்தது. திறப்பதும் திறக்காததும் அவர்கள் விருப்பம். 1947ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விருப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. இந்துக்களில் எச்சாதியினரும் கோயிலுக்குள் சென்று வழிபடலாம் என்பதை உரிமையாக்கியது. மற்றொன்று, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவதைத் தடை செய்த தேவதாசி ஒழிப்புச் சட்டம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்திலும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மேடைகளிலும் பல ஆண்டுகள் போராடிய கோரிக்கை அது.

இவ்விரண்டையும் நிறைவேற்றிய அரசின் தலைவர் ஆழ்ந்த ஆத்திகர். இரமண மகரிஷியின் அடியவர். வள்ளலாரின் நெறியை வாழ்க்கையாகக் கொண்டவர். சாதியும் சமயப் பூசலும் பொய் என்ற வள்ளலாரின் குரலைக் கேட்டு வளர்ந்தவருக்குக் கோயில் கதவைத் திறப்பது பக்திக்கு எதிரான வேலையாகத் தெரிந்திருக்க நியாயமில்லை. பக்தியை விட்டு விலகியதால் வந்த சீர்திருத்தம் அன்று இது, பக்தியிலிருந்தே வந்தது. அவரைப் பற்றி எழுதுவோர் பலர் இந்த இழையை இரண்டு வரியில் கடந்து, ஆட்சிப் பட்டியலுக்குப் போய்விடுகின்றனர்.

பட்டியலும் சிறியதன்று. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. பாரதியாரின் படைப்புகளின் உரிமையை அரசே பெறும் பணி 1949இல் நடந்தது. அரசுப் பணியிடங்களைப் பங்கிடும் வகுப்புவாரி அரசாணையும் 1947இல் திருத்தப்பட்டது. பழைய ஆணையில் பிற்பட்ட வகுப்பினருக்கெனத் தனி இடம் இல்லை. புதிய ஆணை, ஒவ்வொரு 14 பணியிடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்குமாக 1, முஸ்லிம்களுக்கு 1 என வகுத்தது. இதனால் எரிச்சலுற்றோர் அவரைத் ‘தாடியில்லாத இராமசாமி’ என்று கேலி செய்தனர் என்பர். பெரியாரோடு ஒப்பிட்ட அந்தக் கேலியில் ஒரு முரண் உண்டு: பெரியார் தொண்டர்களின் கருஞ்சட்டைப் படையை 1948இல் தடை செய்ததும் ஓமந்தூரார் அரசுதான். அதே ஆண்டில் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி, 1930களின் இறுதியில் நடந்த இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை மீண்டும் தெருவுக்கு வரவழைத்தது. அவரது ஆட்சியின் தவறான முடிவு இதுவே எனலாம்.

நிர்வாகத்தில் கட்சிக்காரர் தலையிடுவதை ஓமந்தூரார் பொறுக்கவில்லை. அது சட்டமன்றக் கட்சிக்குள் பகையை வளர்த்தது. 1949 ஏப்ரலில் பதவி விலகினார், பூ. ச. குமாரசாமி ராஜா அடுத்து வந்தார்.

பதவி போனபின் டெல்லிக்கோ வேறு நாற்காலிக்கோ முயலாமல் வடலூருக்குச் சென்றார். 1867இல் வள்ளலார் அங்கே தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் பசித்தவர்களுக்குச் சோறு சமைத்து வருகிறது. 1872இல் எழுந்தது சத்திய ஞானசபை. இவற்றை அடுத்து ஓமந்தூரார் சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவினார். அதன்வழி வள்ளலார் குருகுலப் பள்ளியும் ஆதரவற்றோர்க்கான இல்லமும் வளர்ந்தன. மாகாணத்தை ஆண்டவர் தம் இறுதிக் காலத்தைப் பிள்ளைகளின் படிப்பிலும் சாப்பாட்டிலும் செலவிட்டார். தமிழக அரசியலில் பதவிக்குப் பின் வாழத் தெரிந்தவர்கள் சிலரே. அவர்களுள் முன்வைக்கத் தக்கவர் இவர்.

சென்னை அண்ணா சாலையில் அரசினர் தோட்டம் இவர் பெயரைத் தாங்குகிறது. அங்கே சட்டமன்றத்துக்கென்று கட்டி 2010இல் திறந்த கட்டடம் 2014 முதல் பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையாக இயங்குகிறது. ஓமந்தூரில் மணிமண்டபமும், வடலூரில் ஓ.பி.ஆர். பெயரில் செவிலியர் கல்லூரியும் உள்ளன. எழுத்தாளர் சோமலெ இவருடைய வரலாற்றை நூலாக எழுதி, அதற்கு ‘விவசாய முதலமைச்சர்’ என்று பெயரிட்டார்.