ஓட்டமும் வாடகை வீடும்: சென்னையில் வீடற்றோர் மறுவாழ்வு குறித்து ஒரு விவாதம்

முன்னுரை

படுக்க இடமில்லாதவரை விடிகாலையில் எழுப்பி ஓடச் சொன்னால் அவர் வாழ்க்கை சீராகும் என்று யாராவது சொன்னால், கேட்பவருக்கு அது பரிகாசமாகத்தான் படும். ஆனால் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 2007இல் அப்படி ஒரு திட்டம் தொடங்கியது. ‘பேக் ஆன் மை ஃபீட்’ என்பது அதன் பெயர். ஆன் மாலம் என்ற பெண் தினமும் ஓடும் வழியில் ஒரு காப்பகம் இருந்தது. அதன் வாசலில் நின்ற ஆண்களோடு ஏற்பட்ட காலை வணக்கப் பழக்கம் ஒன்பது பேர் கொண்ட ஓட்டக் குழுவாகி, பிறகு பல நகரங்களுக்குப் பரவியது. அதன் விதி எளியது. வாரத்தில் மூன்று நாள் காலை ஐந்தரை மணிக்கு ஓட வேண்டும். முப்பது நாளில் 90 விழுக்காடு வருகை இருந்தால் அடுத்த கட்டம் திறக்கும்: வேலைப் பயிற்சி, வேலை தேடித் தருதல், வீடு எடுக்கப் பண உதவி.

இந்த முறை மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்துக்குப் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் காமராஜர் சாலையிலும் விடிவதற்கு முன்பே ஓடுபவர்கள் கூடிவிடுகிறார்கள். அதே சாலைகளின் ஓரத்தில், கடை வாசல்களில், பேருந்து நிழற்குடைகளில் வேறு சிலர் அப்போதுதான் துணியை மடித்து எழுகிறார்கள். இரு தரப்பும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தும் பேச்சுவார்த்தை கிடையாது. ஓட்டக் குழு இந்த இடைவெளியைக் குறைக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வாழ்க்கையைத் திருப்பித் தருவது ஓட்டத்துக்குப் பின்னால் காத்திருக்கும் வீடும் வேலையும்தான். அந்த வீட்டை வருகைப் பதிவேட்டோடு முடிச்சுப் போடுவது நம் சூழலில் நியாயமும் ஆகாது, சட்டத்தோடும் ஒத்துப்போகாது என்பது என் வாதம்.

ஓட்டம் தருவது என்ன?

அமெரிக்கத் திட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் உடற்பயிற்சி அதில் சிறு பங்குதான். முதலில் அது தருவது தோழமை. நடைபாதையில் படுப்பவரிடம் பேசுகிறவர்கள் இரண்டே வகையினர். ஒரு சாரார் “எழுந்திரு, நகரு” என்பார்கள். மற்றவர் சோற்றுப் பொட்டலம் நீட்டுவார்கள். “நேத்து ஏன் வரலை?” என்று கேட்க ஆளிருப்பதில்லை. ஓட்டக் குழுவில் அந்தக் கேள்வி கட்டாயம் வரும். ஒருவர் வராதது இன்னொருவருக்கு உறைக்கும் இடத்தில்தான் அவர் உறுப்பினர் ஆகிறார்.

அடுத்து அது தருவது சிபாரிசு. வேலை கேட்டுப் போகிறவரிடம் கடைக்காரர் முதலில் கேட்பது “உன்னை யாருக்குத் தெரியும்?” என்பதுதான். ஊரும் உறவும் விட்டு வந்தவருக்கு அதற்குப் பதில் இல்லை. மாதம் முழுதும் ஐந்தரை மணிக்கு வந்து நின்றார் என்ற பதிவு அந்தப் பதிலாகிறது. அது உடல் வலுவுக்கான சான்று என்பதைவிட நம்பகத்துக்கான சான்று. கடைசியாக வருவது பணம். பயிற்சிக்கும் வீட்டுக்கும் உதவி இல்லையென்றால் முதல் இரண்டும் சில மாதங்களில் கரைந்துபோகும். ஆக, இந்தத் திட்டத்தில் ஓட்டம் ஒரு முகாந்திரம். கேரம் பலகையோ பறைப் பயிற்சியோ அந்த இடத்தில் இருந்தாலும் அமைப்பு மாறாது.

சென்னை நடைபாதையின் இயல்பு

ஃபிலடெல்ஃபியாவில் குழுவில் சேர்ந்தவர்கள் காப்பகத்தில் தங்கியிருந்த தனி ஆண்கள். சென்னையில் நடைபாதையில் குடும்பமாக, தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்களும் உண்டு. அவர்களில் பலர் வேலை இல்லாதவர்கள் அல்லர். பூக்கட்டுதல், மூட்டை தூக்குதல், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுதல், வீட்டுவேலை என்று நகரம் இயங்கத் தேவையான வேலைகளைச் செய்பவர்கள். தியாகராய நகரில் கடை வாசலில் படுப்பவருக்குக் கடை அடைத்து ஷட்டர் இறங்கிய பிறகே இரவு தொடங்குகிறது. துப்புரவு வண்டி வரும்போது முடிந்துவிடுகிறது. நடுவில் கிடைக்கும் சில மணி நேரத்தையும் கொசுவும் மழையும் பங்குபோட்டுக்கொள்கின்றன. பெண்களுக்கு அந்த நேரமும் முழுத் தூக்கம் கிடையாது. இப்படி இருப்பவரிடம் ஒழுங்கைக் கற்பிக்க ஐந்தரை மணி ஓட்டம் தேவை என்பது அவருடைய நாளை அறியாத பேச்சு. அரைவயிற்றோடு ஓடுவது உடலுக்கும் கேடு.

இந்த மக்களைப் பற்றிய சட்ட விவாதத்தில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. மும்பை நடைபாதைவாசிகளின் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் வாழ்வாதாரம் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1985 ஜூலை 10 அன்று கூறியது. சென்னையில் குடிசைவாசிகளையும் நடைபாதைவாசிகளையும் வெளியேற்றுவதை எதிர்த்து, பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான கே. சந்துரு தொடுத்த வழக்கிலும் அதே நாளில் தீர்ப்பு வந்தது. உணவு உரிமை வழக்கில் 2010இல் பிறப்பித்த ஆணைகளில், பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வீதம் அமைத்து, ஆண்டு முழுதும் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்துவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், லட்சம் பேருக்கு நூறு பேர் தங்கும் அளவு இடமும் ஆளுக்கு 50 சதுர அடியும் குறைந்தபட்சமாக வைத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பிப்ரவரி 28 இரவில் நாடெங்கும் வீடற்றோராக எண்ணியது சுமார் 17.7 லட்சம் பேரை. ஒரே இரவில் எடுத்த கணக்கு என்பதால் வேலைக்குப் போயிருந்தவரும் மறைவிடத்தில் படுத்தவரும் அதில் விடுபட வாய்ப்பு அதிகம்.

எல்லாவற்றுக்கும் முகவரி கேட்கும் அரசு அமைப்பில் ஒரு விதிவிலக்கு இங்கே கவனிக்கத்தக்கது. வீடற்றவர் வாக்காளராகப் பதிய படிவம் 6இல் தான் உறங்கும் இடத்தைக் குறிப்பிட்டால் போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அங்கே போய், அவர் உண்மையில் அங்குதான் படுக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் பார்த்து உறுதிசெய்துவிட்டால் இருப்பிடத்துக்கு ஆவணச் சான்று கேட்கக் கூடாது. தேர்தல் ஆணையம் நடைபாதையைத் தேடி வர முடியும் என்றால் வங்கியும் உணவுப் பொருள் வழங்கல் துறையும் ஏன் வரக் கூடாது?

விளையாட்டு திறந்த கதவு

விளையாட்டால் என்ன முடியும் என்பதற்கு வடசென்னையில் ஓர் எடுத்துக்காட்டு உள்ளது. தெருவோரக் குழந்தைகளுக்காக 1995 முதல் இயங்கிவரும் கருணாலயா அமைப்பின் பிள்ளைகள் இடம்பெற்ற ‘இந்தியா தெற்கு’ அணி, 2019இல் லண்டனில் நடந்த முதல் தெருவோரக் குழந்தைகள் கிரிக்கெட் உலகக் கோப்பையை லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தை வீழ்த்தி வென்றது. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடிய அணி அது. இரண்டாவது போட்டி 2023 செப்டம்பரில் சென்னையிலேயே நடந்தது.

செய்தித்தாள்கள் கோப்பையைப் பற்றி எழுதின. ஆய்வாளர் கவனிக்க வேண்டியது அதற்கு முந்தைய மாதங்களை. லண்டன் போக பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதிக்கும் முகவரிக்கும் சான்று வேண்டும். நடைபாதையில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தத் தாள்களைத் தேடி அலைவதே முதல் ஆட்டம். ஒரு முறை கையில் வந்த அடையாளச் சான்று போட்டி முடிந்த பிறகும் பள்ளிக்கும் வங்கிக்கும் உதவும். ஓட்டக் குழு போலவே இங்கும் விளையாட்டு வெளியே தெரியும் பகுதி. ஆவண வேலை அதன் அடித்தளம்.

இதன் வரம்பையும் சொல்ல வேண்டும். அணியில் சிலருக்குத்தான் இடம். தேர்வானவருக்குத் திறந்த கதவு தேர்வாகாதவருக்கு மூடியே இருக்கிறது. கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா இடம்பெற்ற இந்திய மகளிர் கபடி அணி 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்றபோது அந்தக் குடியிருப்பே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். அதே குடியிருப்புக்கு நகரின் நடுவிலிருந்து பெயர்க்கப்பட்ட பெண்கள் பழைய வீட்டுவேலைக்கு மயிலாப்பூர் வரை பேருந்தில் போய்வரும் சுமை பதக்கத்தால் குறையாது. கூரை கிடைத்தும் பிழைப்பு தூரமாகிப்போனது அங்குள்ள பிரச்சினை. நடைபாதையில் இருப்பவருக்குப் பிழைப்பு பக்கத்தில் இருக்கிறது, கூரை இல்லை. இரண்டும் ஓரிடத்தில் சேராதவரை மறுவாழ்வு என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை.

வீடே முதல் படி

கூரையையும் பிழைப்பையும் சேர்க்க முயன்ற சென்னைத் திட்டம் ஒன்று உலகின் கவனத்தைப் பெற்றது. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993இல் தொடங்கிய ‘தி பேனியன்’ அமைப்பு, தெருவில் திரியும் மனநோயுற்ற பெண்களுக்கான காப்பகமாக உருவெடுத்தது. ஆண்களுக்காகச் சாந்தோமில் மாநகராட்சியோடு சேர்ந்து காப்பகம் நடத்தியது. சிகிச்சைக்குப் பின் பலர் குடும்பத்தோடு சேர்ந்தார்கள். திரும்பிப் போக வீடே இல்லாதவர்கள் காப்பகத்திலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிப்போனார்கள். இவர்களுக்காக 2015இல் ‘ஹோம் அகெய்ன்’ தொடங்கியது. சாதாரணத் தெருவில் வாடகைக்கு ஒரு வீடு. அதில் நான்கைந்து பேர். தேவைக்கேற்பக் கூடவோ குறையவோ துணைக்கு ஒரு பணியாளர். யாரோடு இருப்பது, என்ன சமைப்பது, எப்போது கடைக்குப் போவது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. பக்கத்து வீட்டுக் கோலத்தையும் தண்ணீர் லாரிச் சண்டையையும் உள்ளடக்கிய வாழ்க்கை அது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமூக மனநலச் சேவைகளுக்கான வழிகாட்டியில் இத்திட்டத்தை நல்ல முன்மாதிரியாக எடுத்துக்காட்டியது.

இதன் வரிசையைப் பாருங்கள். முதலில் வீடு, பழக்கமும் வேலையும் அண்டை அயலும் அதன் பிறகு. 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் தொடங்கிய ‘வீடு முதலில்’ முறையும் இதே வரிசைதான். சட்டமும் இதன் பக்கம். குடும்பம் இல்லை, வீடு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 19ஆம் பிரிவு கூறுகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகிய பிறகு, பராமரிப்பு என்ற பெயரில் அடைத்துவைப்பதற்குத் தமிழ்நாட்டில் யாரும் எளிதாக நியாயம் பேச முடியாது.

எதிர்வாதமும் மறுப்பும்

நிபந்தனை இல்லாத உதவி மனிதரைச் சோம்பேறியாக்கும், 90 விழுக்காடு வருகை என்ற கோடு அவருக்கே தன்மேல் நம்பிக்கை தரும் என்பது எதிர்வாதம். இதில் பாதி உண்மை உண்டு. தானே எட்டிய இலக்கு தரும் மிடுக்கை இனாமாக வந்த எதுவும் தருவதில்லை. ஓட்டக் குழுவில் இருந்தவர்கள் தங்கள் பதக்கத்தைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அந்தக் கோட்டில் தவறுகிறவர் யார் என்று கேட்டால் வாதம் தளர்ந்துவிடுகிறது. காய்ச்சலில் கிடந்தவர், கால் புண்ணோடு இருப்பவர், இரவுக் காவல் வேலைக்குப் போனவர், கைக்குழந்தையை யாரிடமும் விட முடியாத தாய், குரல்கள் கேட்டு இரவெல்லாம் விழித்தவர். உதவி மிகுதியாகத் தேவைப்படுகிறவர்களே வடிகட்டப்படுகிறார்கள். எளிதில் மீள்பவரை மட்டும் சேர்த்துக்கொண்டு வெற்றி விகிதம் காட்டுவது ஆய்வு முறையிலும் பிழை. தனியார் அமைப்பு தன் நன்கொடைக்கு நிபந்தனை வைக்கலாம். ஆனால் காப்பகம் உச்ச நீதிமன்ற ஆணையின்படி அரசின் கடமை. கடமைக்கு வருகைப் பதிவேடு கேட்க முடியாது.

முடிவும் பரிந்துரையும்

ஆகவே சென்னைக்கு வேண்டியது ஓட்டத்தின் தோழமையும் ‘ஹோம் அகெய்ன்’ காட்டிய வரிசையும் சேர்ந்த ஏற்பாடு. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின் எட்டு கிலோமீட்டர் நடைபாதை சென்னையில் பெசன்ட் நகரில்தான் அமைந்தது. அடையாறிலும் சாந்தோமிலும் உள்ள காப்பகவாசிகளை நகரின் ஓட்டக் குழுக்கள் அங்கே அழைக்கலாம். ஓடவோ நடக்கவோ அவரவர் விருப்பம். முடிந்ததும் 2013 முதல் ஒரு ரூபாய்க்கு இட்லி தரும் அம்மா உணவகத்தில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம். வருகைப் பதிவு சிபாரிசுக் கடிதத்துக்கு மட்டும் பயன்பட வேண்டும். வராதவருக்கு எதுவும் குறையக் கூடாது.

வீட்டுக்குப் பெரிய தடை அட்வான்ஸ். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை அளவாக வைத்தாலும், வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளவும் இடம் விடுகிறது. அதற்கு மேல் கேட்கும் உரிமையாளர்கள் நகரில் நிறைய. “சொந்தக்காரங்க யாரு, எந்த ஊரு?” என்ற விசாரணை வேறு. ஓட்டக் குழுக்கள் டி-சர்ட்டுக்கும் பதக்கத்துக்கும் திரட்டும் பணத்தில் ஒரு பங்கை அட்வான்ஸ் நிதியாக ஒதுக்கி, உறுப்பினர்களே உத்தரவாதம் கொடுத்தால் இரண்டு தடையும் ஒருசேர விலகும். வீடு பிழைப்பு நடக்கும் வட்டாரத்திலேயே இருக்க வேண்டும் என்பது மாற்றக் கூடாத விதி.

இத்தகைய திட்டத்தின் ஆண்டறிக்கையில் எத்தனை பேர் ஓடினார்கள் என்ற எண் பின்னிணைப்பில் இருக்கட்டும். ஓராண்டு கடந்தும் வாடகை வீட்டில் குடியிருப்பவர் எத்தனை பேர், வாக்காளர் அட்டையும் வங்கிக் கணக்கும் பெற்றவர் எத்தனை பேர் என்பது முதல் பக்கத்தில் வர வேண்டும். மாநகராட்சியும் நன்கொடையாளர்களும் அந்த எண்ணைப் பார்த்தே அடுத்த ஆண்டுக்கான பணத்தை ஒதுக்க வேண்டும்.