மதுரை உள்விழி லென்ஸ் ஆய்வு

மதுரை உள்விழி லென்ஸ் ஆய்வு என்பது கண்புரை அறுவை சிகிச்சையின் இரு முறைகளை ஒப்பிட்டு, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1990களில் நடத்தப்பட்ட மருத்துவ ஆய்வாகும். இதன் முடிவுகள் 1998-இல் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஆப்தால்மாலஜி' இதழில் வெளிவந்தன.

மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் இம்மருத்துவமனையைத் தொடங்கிய காலத்தில், புரை விழுந்த லென்ஸை அதன் உறையோடு எடுத்துவிடுவதே முகாம்களில் வழக்கம். செலவும் நேரமும் குறைவு. ஆனால் லென்ஸ் இழந்த கண்ணுக்கு ஏறத்தாழ +10 பவர் கண்ணாடி தேவை. மக்கள் இதைச் 'சோடாபுட்டிக் கண்ணாடி' என்றனர். இதை அணிந்தால் பொருள்கள் கால் பங்கு பெரிதாகத் தெரியும். பக்கப் பார்வை குறையும். மருத்துவமனைப் பலகையில் எழுத்துகளைச் சரியாகப் படித்தவர், நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்து வயல்வரப்பில் கால் வைக்கத் தடுமாறலாம். கண்ணாடி உடைந்தால் மீண்டும் இருள்தான்.

ஹரால்டு ரிட்லி 1949-இலேயே லண்டனில் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் பொருத்தியிருந்தார். எனினும் விலையுயர்ந்த லென்ஸ், கூடுதல் பயிற்சி, பின்னாளில் உறை மங்கும் சிக்கல் ஆகியவற்றால், ஏழை நாடுகளுக்கு அது ஏற்றதா என்ற ஐயம் நீடித்தது.

இந்த ஐயத்தைத் தீர்க்கவே 40 முதல் 75 வயது வரையிலான 3,400 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குப் பழைய முறையும் கண்ணாடியும். மற்றவர்களுக்குப் பின்உறையை விட்டுவைத்து, உள்ளே செயற்கை லென்ஸ். கண்ணாடியுடன் அளந்தபோது இரு பிரிவிலும் பெரும்பாலோர் நல்ல பார்வை பெற்றிருந்தனர். அன்றாட வேலைகளையும் வாழ்க்கைத் தரத்தையும் பற்றிக் கேட்டபோதோ லென்ஸ் பெற்றவர்களே தெளிவாக முந்தினர். பார்வைப் பலகையோடு நின்றிருந்தால் இது தெரிந்திருக்காது. 1992-இல் மதுரையில் தொடங்கப்பட்ட ஆரோலேப் குறைந்த விலையில் லென்ஸ் தயாரித்ததால், ஆய்வின் முடிவு ஏட்டோடு நின்றுவிடவில்லை.

அடுத்த போட்டி, தையலில்லாச் சிறுகீறல் முறைக்கும் மீயொலிக் கருவியால் புரையைக் கரைக்கும் பேக்கோ முறைக்கும் இடையே எழுந்தது. புனேயில் 400 பேரிடம் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், ஆறு வாரங்களில் கண்ணாடியின்றி 6/18 அல்லது அதைவிட நல்ல பார்வை பெற்றவர்கள் பேக்கோவில் 81 விழுக்காடு, சிறுகீறலில் 71 விழுக்காடு. கண்ணாடி அணிந்தபின் இரண்டும் சமம். மதுரையில் ஏறத்தாழ 80,000 அறுவை சிகிச்சைகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான கட்டுரை, பயிற்சி மருத்துவர்களின் கையில் பேக்கோவைவிடச் சிறுகீறலில் சிக்கல்கள் வெகுவாகக் குறைந்ததைக் காட்டியது.