நிஜாமின் கூட்டாளி கடனாளியானபோது

ஹைதராபாத்தில் ஹப்சிகுடா என்ற பகுதியின் பெயரில் தங்கிவிட்ட ஹப்சிகள், நிஜாமிடம் படைச் சேவகம் செய்த ஆப்பிரிக்க வழியினர். அணிவகுப்புக்கு அழகூட்டிய படை அது. நிஜாமின் ஆட்சியை உண்மையில் தாங்கி நின்றவை, 1798 முதல் ஆங்கிலேயருடன் செய்துகொண்ட உடன்படிக்கைகளும் சிக்கந்தராபாத் கண்டோன்மென்டும்தான். முதல் உலகப் போரில் அள்ளிக் கொடுத்த நிஜாம் உஸ்மான் அலி கானுக்கு 1918இல் ‘விசுவாசமான கூட்டாளி’ என்ற பட்டம் கிடைத்தது. இரண்டாம் போரிலும் அவர் வென்ற பக்கமே நின்றார். ஆனால் போர் முடிந்த மூன்றே ஆண்டுகளில், அவருடைய அரசு விழுந்தபோது லண்டனிலிருந்து ஒரு சிப்பாய்கூட வரவில்லை. இதை நன்றிகெட்டதனம் என்று சொல்லிவிடலாம். வென்ற பேரரசின் கஜானா காலியாகியிருந்தது என்பதே சரியான விளக்கம்.

1939இன் ஏற்பாட்டின்படி, இந்தியாவுக்கு வெளியே போரிட்ட இந்தியப் படையின் செலவில் பெரும்பகுதி பிரிட்டனைச் சேர்ந்தது. அதை உடனே தராமல் லண்டனில் பற்று எழுதிவைத்தார்கள். இங்கே ரூபாய் நோட்டை அச்சடித்து ஈடுகட்டினார்கள். விலைவாசி ஏறி ஏழைகளின் வயிற்றில் அடித்தது. போருக்கு முன் பிரிட்டனுக்குக் கடன்பட்டிருந்த இந்தியாவுக்கு, போர் முடிந்தபோது பிரிட்டன் தரவேண்டியது சுமார் 130 கோடி பவுண்டு. அந்தக் கடனுக்கு எதிர்க்கணக்கு காட்ட முடியுமா என்று சர்ச்சில் யோசித்தாராம்! 1947 பிப்ரவரி 20இல் இந்தியாவை விட்டு வெளியேறப்போவதாகப் பிரிட்டிஷ் பிரதமர் அட்லி அறிவித்தார். மறுநாளே, கிரீஸையும் துருக்கியையும் இனித் தாங்க இயலாது என்று வாஷிங்டனுக்குத் தகவல் போனது. அமெரிக்கா கடனாகத் தந்த 375 கோடி டாலருக்கான நிபந்தனைப்படி, ஜூலை 15 முதல் பவுண்டை டாலராக மாற்றிக்கொள்ள வழிவிட்டார்கள். கையிருப்பு கரைந்தோட, ஆகஸ்ட் 20இல் நிறுத்திவிட்டார்கள். அந்த ஐந்து வாரத்துக்குள்தான் ஆகஸ்ட் 15 வருகிறது.

வெள்ளையரை வெளியேற்றியது விடுதலைப் போராட்டம்தானே, கணக்கேடு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். போராட்டத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் 1942இல் ஐம்பத்தேழு பட்டாளங்களை இறக்கி அதே போராட்டத்தை ஒடுக்க முடிந்தது. 1946 பிப்ரவரியில் கடற்படையினரே பம்பாயில் கிளர்ந்தெழுந்த பிறகு, இந்தியச் சிப்பாய்களை நம்பி அப்படி இறங்க முடியாது. பிரிட்டனிலிருந்து ஆள் அனுப்பவோ பணமில்லை. ஆளும் செலவைப் போராட்டம் ஏற்றியது. அதைக் கொடுக்கும் சக்தியைப் போர் பறித்திருந்தது. சமஸ்தானங்கள் மீதான பிரிட்டிஷ் மேலாதிக்கம் தானாகக் காலாவதியாகும் என்ற 1946 மே மாதக் குறிப்பாணையை வெறும் சட்ட முடிவாகப் பார்ப்பவர்களும் உண்டு. காக்க முடியாத வாக்கைச் சட்டப்படி முடித்துக்கொண்டார்கள் என்றே நான் படிக்கிறேன்.

ஹைதராபாத்துக்கும் இது புரிந்திருந்தது. 1948இல் அது நடுவராக வரும்படி கேட்டது அமெரிக்க அதிபர் ட்ரூமனை. அவர் மறுத்துவிட்டார். ஆகஸ்டில் ஐ.நா. பாதுகாப்பு சபையை நாடியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஹைதராபாத்துக்காகச் சர்ச்சில் முழங்கினார். அட்லி அரசு அசையவில்லை. அதற்குள், ஜூலையில் பிரிட்டனுடன் செய்துகொண்ட உடன்பாட்டில், ஆங்கிலேயர் விட்டுப்போன ராணுவத் தளவாடங்களின் விலையாகச் சுமார் 10 கோடி பவுண்டை இந்தியா அந்தப் பழைய கடனிலேயே கழித்துக்கொண்டிருந்தது. செப்டம்பர் 13இல் இந்தியப் படை எல்லையைத் தாண்டியது. 17இல் நிஜாம் பணிந்தார்.