கோடி: முனையிலிருந்து எண்ணுக்கு

கோடி என்ற சொல்லுக்குத் தமிழில் கடைசி, முனை என்பது ஒரு பொருள். நூறு லட்சம் என்பது மற்றொன்று. தெருக்கோடி, தனுஷ்கோடி என்பவற்றில் இருப்பது முதல் பொருள். கிரேட் நிகோபார் தீவின் இந்திரா முனையை இந்தியாவின் தென்கோடி என்பதும் அந்தப் பொருளில்தான். வடமொழியிலும் வில்லின் வளைந்த நுனிக்குக் கோடி என்று பெயர். பழைய எண்முறையில் எண்ணிக்கை போய் நிற்கும் உச்சம் என்ற கருத்தில் அதே சொல் எண்ணுக்கும் ஆகி வந்ததாக வடமொழி அகராதிகள் காட்டுகின்றன.

அந்த இடத்தில் முதலில் இருந்தது வேறு சொல். யஜுர் வேத எண் வரிசையில் 1,00,00,000 என்பது அர்புதம்; அதற்கு நான்கு படி மேலே உள்ள எண்ணின் பெயரே அந்தம், அதாவது முடிவு. கி.பி. 499-ஐ ஒட்டி எழுந்த ஆரியபட்டீயத்தில் கோடி ஏழாம் அடுக்கில் வந்து அமர, அர்புதம் ஒரு படி மேலே தள்ளப்பட்டது. செங்கோண முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கும் அந்நூல் கோடி என்றே பெயரிடுகிறது.

எண்ணுவது எங்கே முடிகிறதோ அங்கிருந்து எண்ணுக்குப் பெயர் பிறப்பது அந்தமானிலும் பதிவாகியிருக்கிறது. தெற்கு அந்தமானின் ஆகா-பியா மொழியில் ஒன்று ‘உபதுல்’, இரண்டு ‘இக்போர்’. அதற்கு மேல் தனி எண்ணுப்பெயர் இருக்கவில்லை. ஆனாலும் எண்ணுவது நிற்கவில்லை என்பதை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் அதிகாரி இ. எச். மேன் விரிவாக எழுதிவைத்தார். சுண்டுவிரல் நுனியால் மூக்கைத் தட்டி ‘உபதுல்’ என்பார்கள்; அடுத்த விரலுக்கு ‘இக்போர்’; பிறகு ஒவ்வொரு விரலுக்கும் ‘அங்கா’, அதாவது ‘இதுவும்’. விரல்கள் தீர்ந்ததும் இரு கைகளையும் சேர்த்து ‘அர்தூரு’ என்று முடிப்பார்கள். அதன் பொருள் ‘எல்லாம்’. எண்ணத் தெரியாதவர்கள் என்று இவர்களை ஒதுக்கியது பெரும் பிழை; விடுபடாமல், இருமுறை வராமல் எண்ணும் முறை இதில் முழுமையாக இருக்கிறது.

தமிழோ கோடியோடு நிற்கவில்லை. பேரெண்களைக் குறிக்கும் சொற்கள் ஐ, அம், பல் என்று முடிவதைத் தொல்காப்பியம் சுட்ட, தாமரை, வெள்ளம், ஆம்பல் என உரைகாரர்கள் எடுத்துக்காட்டுத் தருகிறார்கள். பரிபாடலில் நெய்தல், குவளை, சங்கம் ஆகியவையும் காலப் பேரெண்களாக வருகின்றன. பூவும் நீரும் கணக்காகிய இந்தப் பெயர்கள் வழக்கொழிந்தன. கோடி மட்டும் நிலைத்தது.

எண் என்ற வகையில் கோடி ஓர் இரட்டை எண், பகு எண். 10-இன் ஏழாம் அடுக்கு என்பதால் ஏழு 2-களையும் ஏழு 5-களையும் பெருக்கக் கிடைப்பது. ஆகவே அது முழு வர்க்கமும் அல்ல, முழுக் கனமும் அல்ல. அதன் காரணிகள் 64. அளவைப் பார்க்க இது குறைவு. தம்மைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் உடையவை உயர் பகு எண்கள்; இராமானுஜன் 1915-இல் ஆராய்ந்த அவற்றில் ஒன்றான 86,48,640 கோடியைவிடச் சிறியது. அதற்கோ 448 காரணிகள். 3, 7, 11, 13 ஆகியவை அதில் இருக்க, கோடியில் அவற்றுள் ஒன்றுகூட இல்லை. ஒரு கோடிக்குள் 448-ஐ மிஞ்சிய காரணிகள் உடைய எண்ணே கிடையாது.

கோடியின் அளவை உணர அந்தமானுக்கே திரும்பலாம்: 2011 கணக்கெடுப்பில் அந்தமான் நிகோபார் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அதைப்போல் 26 மடங்குக்குச் சற்று மேல் ஒரு கோடி.